கட்டிலுக்கடியில் ஆறாவது ஃபாரம்

ஜூன் 8, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

எலி எழுதுகிறேன். அப்பாவும் நானும் சுகம். அப்பாவுக்கு மட்டும் முழங்கால் வலி. கேட்டால் இல்லை என்பார். நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்?

போர்வைக்குள் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாகப் போனால் எனக்குப் பல் வலிக்கிறது என்று அர்த்தம். பக்கத்து அறையில் அப்பா புரண்டு படுத்தாலே அணைத்துவிடுகிறேன். நீ அத்தானைக் கல்யாணம் செய்துகொண்டு போய் இரண்டு வருடம் ஆகிறது. இதுவரை உன் பேச்சை அவர் எடுக்கவில்லை. அன்று நிறுத்திய பாட்டையும் எடுக்கவில்லை. கீழே பைண்டிங் பட்டறையில் இப்போது கட்டிங் மெஷின் மட்டும்தான் பாடுகிறது.

ஒரு சபையின் ஐம்பதாம் ஆண்டு விழாவுக்காக, வேதாகமத்தின் சிறிய தீர்க்கதரிசிகள் பன்னிரண்டு பேரையும் ஒரே புத்தகமாகக் கட்டிக் கொடுத்தோம். இருநூறு பிரதி. மாலை வேளைகளில் நானும் உதவினேன். நேற்றுத்தான் எல்லாம் வண்டியேறின. போவதற்கு முன் ஒரு பிரதியை இரண்டு இரவு எடுத்துவந்து ரகசியமாகப் படித்தேன்.

அதில் செப்பனியா என்று ஒருவர். அக்கா, பயமாக இருக்கிறது. பூமியின் மேல் இருப்பதையெல்லாம் ஆண்டவர் வாரிக்கொண்டு போய்விடுவாராம். மனிதர், மிருகம், பறவை, மீன்கூட. மீன் என்ன தப்புச் செய்தது? அப்புறம் கையில் விளக்கோடு வந்து ஊரை மூலை மூலையாகத் தேடுவாராம், தண்டிக்க வேண்டியவர்களைக் கண்டுபிடிக்க. அந்த வரி வந்ததும் டார்ச்சை அணைத்துவிட்டேன். இருட்டிலும் பயமாக இருந்தது, மறுபடி போட்டேன்.

ஒரு கேள்வி. என் வகுப்பில் ஒரு பெண் ஒரு தப்புச் செய்துவிட்டாள். வேண்டுமென்று இல்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. ஆண்டவர் அவளை எத்தனை நாள் விட்டுவைப்பார்? அவளுக்காகத்தான் கேட்கிறேன்.

பதிலை எப்போதும்போல ஊசியம்மா வீட்டு விலாசத்துக்கே போடு. நம் பட்டறைக்குப் புத்தகம் தைக்க வரும்போது சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்துவிடுவார். உன் போன கடிதத்தில் எண்ணெய் ஊறி, அத்தான் வரும் இடமெல்லாம் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது.

நூறு முத்தங்களோடு,
எலி

*

ஜூன் 19

என் எலிக்குட்டிக்கு,

கடிதம் வந்தது. இங்கே இருவரும் நலம். எனக்குக் கொஞ்சம் அசதி, வேறொன்றும் இல்லை. "வேறொண்ணும் இல்லையாமா?" என்று அத்தான் முதுகுக்குப் பின்னால் நின்று சிரிக்கிறார். அவரைக் கண்டுகொள்ளாதே.

உன் வகுப்புப் பெண்ணை எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். பயந்தால் இடது காதைத் திருகுவாள், இல்லையா? நான் கேட்டதாக அவளிடம் சொல். எப்போது வேண்டுமானாலும் எனக்கு எழுதலாம் என்றும் சொல்.

மீன் விஷயம் எனக்கும் விளங்கவில்லை. அத்தானிடம் கேட்டேன். "மெஷினைக் கழுவணும்னா எல்லா ஸ்க்ரூவையும் கழட்டித்தான் ஆகணும்" என்றார். மெக்கானிக்கிடம் வேதம் கேட்டால் இப்படித்தான்.

செப்பனியா மொத்தமே மூன்று அதிகாரம். கடைசிவரை படித்தாயா? சின்ன வயதில் நான் கதை சொல்லும்போது பேய் வரும் இடத்தில் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவிடுவாய். பேய் போன பிறகு என்ன நடந்தது என்று உனக்கு இன்றுவரை தெரியாது. முடிவைப் படித்துவிட்டு எழுது. நான் சொல்ல மாட்டேன்.

இவ்வளவு நல்ல தாள் உனக்கு எங்கே கிடைக்கிறது? அப்பா பாடினால் எழுது.

அணைத்துக்கொள்ளும்,
அக்கா

*

ஜூன் 28, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம் என்று எழுதத்தான் ஆசை. அப்பாவுக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. நான் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. உன் அசதி போய்விட்டதா?

ஞாயிற்றுக்கிழமை விழா. அப்பாவோடு நானும் போனேன். போதகர் நம் புத்தகத்தைத் திறந்து செப்பனியாவைக் கணீரென்று வாசித்தார். கொடுமை நிறைந்த அந்த நகரத்துக்கு ஐயோ என்கிற இடத்தில் பக்கத்தைத் திருப்பினார். அடுத்த பக்கத்தில் சிவப்புக் குதிரைமேல் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். போதகர் பாவம், அதையும் அதே வேகத்தில் நாலு வரி வாசித்துவிட்டுத்தான் நின்றார். முன்வரிசையில் ஒரு பெரியவர் சத்தமாகவே கேட்டார்: "இப்பதானேய்யா ஐயோன்னீங்க? குதிரை எங்கருந்து வந்துச்சு?" கோயிலே சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. அவர் காது இரண்டும் குதிரையைவிடச் சிவந்துவிட்டன.

இருநூறும் திரும்பி வந்தன. ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தோம். ஐம்பதில் ஆறாவது ஃபாரம் இல்லை. செப்பனியா கடைசி அதிகாரத்திலிருந்து சகரியாவின் ஆரம்பம் வரை பதினாறு பக்கம் காணோம்.

அக்கா, என் வகுப்பில் அப்படி ஒரு பெண் இல்லை.

மேசையைச் சுற்றி எட்டு அடுக்கு வைத்து, சுற்றி நடந்து, ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் மடித்த பதினாறு பக்க ஃபாரம் ஒன்று எடுத்தால் ஒரு புத்தகம். நீதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். அன்று எனக்கு மறுநாள் கணக்குப் பரீட்சை. கணக்குப் புத்தகத்தை ஆறாவது அடுக்கின் மேல் விரித்து வைத்துக்கொண்டு, வாய்ப்பாட்டை முணுமுணுத்தபடி நடந்தேன். ஐம்பது சுற்று. ஏழு அடுக்கில் எடுத்துக்கொண்டு, ஆறாவதில் வாய்ப்பாட்டை மட்டும் பார்த்துவிட்டுப் போயிருக்கிறேன். இரண்டு நாள் கழித்துப் புத்தகத்தைத் தூக்கினால் கீழே ஐம்பது ஃபாரம் மீந்து கிடக்கிறது. அதற்குள் எல்லாம் தைத்து, பசை போட்டு, அட்டையும் ஏறியாயிற்று. ஐம்பதையும் துணியில் சுற்றிக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டேன்.

முடிவைப் படி என்று எழுதினாயே. முடிவு என் கட்டிலுக்கடியில் இருக்கிறது. தொடவே பயமாக இருக்கிறது. வீட்டு வேதாகமம் அப்பாவின் தலைமாட்டில். அதை எடுக்க இன்னும் பயம்.

இதைவிட மோசம் ஒன்று உண்டு. அப்பா ஊசியம்மாவிடம், "தைக்கறதுக்கு முன்னாடி ஃபாரம் நம்பர் பாக்கறது உங்க வேலைதானேம்மா?" என்றார். ஊசியம்மா என்னை ஒருமுறை பார்த்தார். "ஆமா மொதலாளி, என் தப்புதான்" என்றார். ஊசியைத் துணியில் குத்திவைத்துவிட்டு, பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான்கு நாளாக வரவில்லை. இனி உன் கடிதம் எப்படி வரும்? அவர் வீட்டுப் படியேற எனக்குக் கால் வராது.

தாள் கேட்டாயே, அது கட்டிங் மெஷின் பக்கத்தில் இருக்கும் கழிவுப் பெட்டியிலிருந்து எடுப்பது. அதுவும் திருட்டில் சேருமா?

உன் பாவியான தங்கை,
எலி

*

ஜூலை 8

என் எலிக்கு,

முதலில் சாப்பிடு. சாப்பிட்டுவிட்டு மீதியைப் படி.

நான் இங்கே ஒருவாறு இருக்கிறேன். அத்தான் சுகம். உன் குதிரைக் கதையைப் படித்துவிட்டு இரண்டு நாளாக எதற்கெடுத்தாலும் "குதிரை எங்கருந்து வந்துச்சு?" என்கிறார்.

உனக்கு ஐந்து வயது இருக்கும். அம்மா இறந்து இரண்டு மாதம். ஒரு சாயங்காலம் உன்னைக் காணோம். மின்சாரமும் போய்விட்டது. அப்பா அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு தெருவெல்லாம் தேடினார். "கையில கெடைக்கட்டும், முதுகுத் தோலை உரிக்கிறேன்" என்று கத்திக்கொண்டேதான் தேடினார். தெருவே நடுங்கியது. நீ கழிவுத் தாள் குவியலுக்குள் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாய். விளக்கு உன் முகத்தில் பட்டது. முதுகுத் தோலை உரித்தாரா? விளக்கைக் கீழே வைத்துவிட்டு, தாள் குவியலிலேயே உன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். நான் பார்த்தேன். ஆண்டவர் விளக்கோடு வருகிறார் என்று படித்தபோதெல்லாம் எனக்கு அந்த அரிக்கேன்தான் நினைவு வரும். தேவையில்லாததை யாரும் விளக்கு வைத்துத் தேட மாட்டார்கள், எலி.

கோபம் இல்லை என்று சொல்லவில்லை. நன்றாகவே இருக்கிறது. ஆனால் யார்மேல் என்று பார். ஏழையைச் சுரண்டி வீடு நிறைத்தவர்கள்மேல். பொய்த் தீர்ப்புச் சொல்லும் நீதிபதிகளை ஓநாய்கள் என்றே செப்பனியா திட்டுகிறார். ஓநாய் இருக்கிறது, சிங்கம் இருக்கிறது. எலி எங்கேயும் இல்லை. இரண்டு முறை தேடிவிட்டேன். மீனுக்கும் ஒரு பதில் வைத்திருக்கிறேன். அதே புத்தகத்தில் நாலு தீர்க்கதரிசி முன்னால் யோனா இருக்கிறார். அங்கே ஆண்டவர் ஒரு மீனுக்கு வேலையே கொடுத்திருக்கிறார். கடைசியில் அந்த ஊர் ஆடுமாடுகளுக்காகவும் பரிந்து பேசுகிறார். அழிக்கிற ஆசை உள்ளவர் மாடு எண்ணிக்கொண்டிருப்பாரா?

கட்டிலுக்கடியிலிருந்து ஒன்றை உருவிப் படி. படித்துவிட்டு அப்பாவிடம் சொல். ஊசியம்மா உனக்காகச் சுமப்பது நியாயமில்லை, அது உனக்கே தெரியும்.

நானும் ஒரு பைண்டர் மகள், அதனால் இதையும் கேட்கிறேன். கட்டிங் மெஷினில் கழிவது இரண்டு விரல் அகல நாடா. உன் கடிதத் தாளின் நான்கு ஓரமும் நூல் பிடித்தது போல நேர். மூலைமட்டம் வைத்துப் பார்த்தேன். ஒரே அளவு, எப்போதும். கழிவு அப்படி விழாது. யார் வெட்டுகிறார்கள்?

உன்
அக்கா

*

ஜூலை 21, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? பதில் போட்டாயா, போடவில்லையா என்றே தெரியவில்லை. போட்டிருந்தால் அது ஊசியம்மா வீட்டில் இருக்கும். இரண்டு முறை அந்தத் தெரு முனை வரை போய்த் திரும்பிவிட்டேன். அப்பா மௌனமாக ஐம்பது அட்டைகளையும் கழற்றி வைத்திருக்கிறார். அச்சகத்துக்கு எழுத வேண்டும் என்றார். தினமும் ஊசியம்மாவின் முக்காலியைப் பார்க்கிறார். அதன்மேல் எதையும் வைக்க விடுவதில்லை.

நேற்று தாங்க முடியாமல் கட்டிலுக்கடியில் கை விட்டேன். ஒரு ஃபாரத்தை உருவி, மடிப்புக்கு நடுவே டார்ச் அடித்துப் படித்தேன்.

அக்கா! நீ ஏன் முன்னாலேயே சொல்லவில்லை?

ஐயோ என்கிற பக்கத்துக்கு அடுத்த பக்கத்திலேயே எல்லாம் மாறிவிடுகிறது. பயப்படாதே, கையைத் தளரவிடாதே என்கிறார். அப்புறம் ஆண்டவரே உன் நடுவில் இருக்கிறார் என்கிறார். அப்புறம் வருவதை ஏழு முறை படித்தேன். அவர் உன்னைப் பார்த்து மகிழ்வாராம். அன்பினால் பேசாமல் அமைதியாக இருப்பாராம். அதன் பிறகு சந்தோஷம் தாங்காமல் பாடுவாராம்! நாம் அவருக்குப் பாடுவது தெரியும். அவர் நமக்குப் பாடுவாரா? இத்தனை நாள் நான் அந்தப் பாட்டின் மேலேயே படுத்துக்கொண்டு, பயந்து பயந்து தூங்கியிருக்கிறேன். ஐம்பது பேருக்கு ஐயோவை மட்டும் கொடுத்துவிட்டு, பாட்டை நான் ஒளித்து வைத்துக்கொண்டேன்.

ஒன்று தோன்றியது. முதலில் பேசாமல் இருப்பார், பிறகுதான் பாடுவார். அப்பா அந்த முதல் பாதியில் இருக்கிறாரோ?

தள்ளப்பட்டவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்வேன் என்றும் ஒரு வரி உண்டு. அதைப் படித்ததும் உன் ஞாபகம். அதனால் ஒரு ஃபாரத்தை இந்த உறையிலேயே உனக்கு அனுப்புகிறேன். இது திருட்டுத்தான். ஆனாலும் அனுப்புகிறேன்.

எலி

*

ஆகஸ்ட் 2, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

இருவரும் சுகம். உன் ஜூலை எட்டாம் தேதிக் கடிதம் இன்றுதான் கைக்கு வந்தது. இரண்டு முறை சாப்பிட்டேன்.

ஊசியம்மா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததும், "இருபது நாளா உன் அக்கா கடிதாசி எங்க வீட்டு ரேடியோ மேல குந்திக்கிட்டு இருக்கு. வாங்கிட்டுப் போகக்கூட வழி தெரியலியா கண்ணு?" என்றார். நான் அங்கேயே அழுதுவிட்டேன். அவர் ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார், நிறுத்தவில்லை.

"அந்த அம்பதும் உன் அடுக்குன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றார். "நீ ஒருத்திதான் ஓரத்தத் தட்டித் தட்டி அவ்ளோ நேரா வெப்ப."

"அப்புறம் ஏம்மா உங்க தப்புன்னீங்க?"

"என் தப்பும்தான். நம்பர் பாக்கணும். அன்னைக்குக் கண்ணாடியக் கொண்டுவர மறந்துட்டேன். அதச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. நீ ஒண்ண மறைச்ச, நான் ஒண்ண மறைச்சேன்." நூலைப் பல்லால் கடித்தார். "கோவம் உங்கப்பா மேலதான். இருபது வருஷத்துல ஒரு தடவ தப்பு வந்தா, ஏன் வந்துச்சுன்னு கேக்கத் தெரியல அந்த மனுஷனுக்கு."

தாளை யார் வெட்டுகிறார்கள் என்று கேட்டேன். சிரித்தாரே தவிரச் சொல்லவில்லை.

நாளை காலை பள்ளிக்குப் போகும் முன் அப்பாவிடம் சொல்லப் போகிறேன். இதை எழுதிவிட்டால் பின்வாங்க முடியாது, அதற்காகத்தான் எழுதுகிறேன். இடது காது வலிக்கிறது.

எலி

*

ஆகஸ்ட் 4, மாலை

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம், சுகம், சுகம்! டார்ச் இல்லாமல், கீழே பட்டறை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா எதிரே இருக்கிறார். உனக்குத்தான் எழுதுகிறேன் என்று அவருக்குத் தெரியும்.

நேற்றுக் காலையில் அவர் சவரம் செய்துகொண்டிருந்தபோது சொன்னேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில். கணக்குப் பரீட்சை, ஐம்பது சுற்று, கட்டில், ஊசியம்மாவின் கண்ணாடி. முகத்தில் பாதி நுரையோடு சவரக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் டார்ச்சைக் கையில் எடுத்தார். நேராக என் அறைக்குப் போனார். விளக்கோடு வந்துவிட்டார் என்று நினைத்தேன்.

வலிக்கிற முழங்காலை மடித்து, கட்டிலுக்கடியில் முழுவதும் நுழைந்துவிட்டார். பாதம் இரண்டும் மட்டும் வெளியே. இரண்டு முறை தும்மினார். பிறகு எண்ணும் சத்தம் கேட்டது.

"நாப்பத்தெட்டு. எலி, ரெண்டு குறையுதே?"

"ஒண்ணு தலகாணிக்குக் கீழ இருக்குப்பா."

"இன்னொண்ணு?"

இடது காதைத் திருகினேன். "இன்னொண்ணு எங்கேம்மா?" என்றார்.

"அக்காட்ட."

அக்கா, அந்த இரண்டு பாதமும் அப்படியே நின்றுவிட்டன. தெருவில் பால்காரர் மணி அடித்துக்கொண்டு போனார். பிறகு கட்டிலுக்கடியிலிருந்தே கேட்டார்:

"படிச்சாளா?"

"தெரியலப்பா. இன்னும் பதில் வரல."

வெளியே வந்தார். தலையெல்லாம் ஒட்டடை, தாடையில் காய்ந்த நுரை. "கடிதாசிக்குத் தாள் போதுதா?" என்று கேட்டார். "இன்னும் ஒரு விரல் அகலமா வெட்டட்டுமா? ஓரத்துலல்லாம் நெருக்கி நெருக்கி எழுதுறியே."

அவர்தான், அக்கா! முதல் கடிதம் வந்த அன்றே ஊசியம்மா அவரிடம் சொல்லிவிட்டாராம். இரண்டு வருடமாக எனக்காகத் தாள் வெட்டி, கழிவுப் பெட்டியில் மேலாகத் தெரிகிற மாதிரி வைத்திருக்கிறார். நான் திருடுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். "ஏம்பா சொல்லல?" என்றேன். "நீ ஏன் சொல்லல?" என்றார்.

பிறகு என்னைப் பள்ளிக்கு அனுப்பாமல் ஊசியம்மா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வாசலிலேயே நின்று, "நான் உங்ககிட்ட ஏன் என்னன்னு கேட்டிருக்கணும், கேக்கல. தப்பு என் மேல" என்று ஆரம்பித்தார். ஊசியம்மா, "மன்னிப்பெல்லாம் உள்ள வந்து கேளுங்க மொதலாளி, கதவு தொறந்திருந்தா கொசு வருது" என்றார். திரும்பி வரும்போது மூன்று பேராக வந்தோம். ஊசியம்மாவின் கண்ணாடியை நான் கையில் பிடித்துக்கொண்டு வந்தேன்.

இன்று முழுக்கத் தையல் பிரிக்கிறோம். அந்தப் பக்கத்தை என்னை வாசிக்கச் சொன்னார். பாடுவார் என்கிற இடம் வந்ததும், "மறுபடி வாசி" என்றார். அவர் இன்னும் பாடவில்லை. ஆனால் நூலுக்கு மெழுகு தேய்க்கும்போது உதடு அசைந்தது, நான் பார்த்தேன்.

இப்போது அவர் சொல்வதை அப்படியே எழுதுகிறேன்: "ஒரு ஃபாரம் அவகிட்ட இருக்கு. தபால்ல அனுப்பக் கூடாதுன்னு எழுது. மடிப்புக் கெட்டுப்போகும். அவளையே கொண்டுவரச் சொல்லு."

கேட்டதா அக்கா?

எலி

*

ஆகஸ்ட் 19

அன்புள்ள மச்சினிக்கு,

மெக்கானிக் எழுதுவது. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, வேலை ரிப்போர்ட் மட்டும்தான் தெரியும். ஆகையால்:

வந்து சேர்ந்த தேதி: ஆகஸ்ட் 10. குறித்த நாளுக்கு மூன்று வாரம் முன்னதாக. வகை: பெண். எடை: இரண்டேமுக்கால் கிலோ. சத்தம்: அதிகம். கசிவு: உண்டு, இரண்டு முனையிலும். இயக்கும் விதம் பற்றிய குறிப்பேடு தரப்படவில்லை.

உன் அக்கா சுகமாக இருக்கிறாள். முதல் நான்கு நாள் கொஞ்சம் பயமாக இருந்தது, இப்போது இல்லை. அதனால்தான் இங்கிருந்து கடிதம் வரவில்லை. இது எதையும் முன்னால் உங்களுக்குச் சொல்லக் கூடாது என்று என் வாயை அடைத்திருந்தாள். நான் விட்ட குறிப்பையெல்லாம் "அவரைக் கண்டுகொள்ளாதே" என்று எழுதிக் கெடுத்துவிட்டாள்.

உன் கடைசிக் கடிதத்தை மருத்துவமனைக் கட்டிலில்தான் படித்தாள். சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். நர்ஸ் வந்து என்னைத் திட்டிவிட்டுப் போனார். ஃபாரம் பத்திரம். அவள் தலைமாட்டில் இருக்கிறது. மடிப்புக்கு நான் பொறுப்பு.

வருவாளா என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றுகிறாள்.

அன்புடன்,
அத்தான்

*

ஆகஸ்ட் 28

என் எலிக்கு,

சுகமாக இருக்கிறேன். உன் அக்கா மகள் மடியில் தூங்குகிறாள். இவளுக்கும் பயந்தால் கை இடது காதுக்குப் போகிறது. பட்டப்பெயர் இன்னும் வைக்கவில்லை. எலி ஏற்கெனவே போய்விட்டது.

உன்னிடம் நான் சொல்லாதது ஒன்று உண்டு. போன அன்று வாசலில் அப்பா, "இனி இந்தப் படியில உன் காலடி படக் கூடாது" என்றார். நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய், கேட்கவில்லை. இரண்டு வருடமாக எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. குழந்தை வரப்போவதை அதனால்தான் மறைத்தேன். பேத்திக்காக அவர் இரங்கினார் என்று இருக்கக் கூடாது. எனக்காகக் கூப்பிட வேண்டும்.

விளக்கைப் பற்றி உனக்கு அவ்வளவு எழுதினேன். எனக்கு வரும்போது உன்னைவிட நான்தான் பெரிய எலி. அவர் சொன்னதை நீ எழுதியிருக்கிறாய். அவர் எழுதவில்லையே, கண்ணே. அவர் கையெழுத்தில் ஒரு வரி இருந்தால் போதும்.

அக்கா

*

செப்டம்பர் 5

பெரியவளுக்கு,

இங்கே இருவரும் நலம். அங்கே மூவரும் நலம் என்று மெக்கானிக் எழுதியதை எலி மூன்று முறை வாசித்துக் காட்டினாள். உன் கடிதத்தையும் காட்டினாள். அவளைக் கோபிக்காதே.

ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். உன்னை வரச் சொன்னது ஆகஸ்ட் நான்கு. குழந்தை பிறந்தது பத்து. தேதி பார்த்துக்கொள்.

நாற்பத்தொன்பது பிரதியைத் திரும்பத் தைத்து முடித்தாயிற்று. ஒன்று மட்டும் தைக்காமல் மேசைமேல் கிடக்கிறது. அதன் ஆறாவது ஃபாரம் உன்னிடம். போதகர் ஆள் அனுப்பினார். நூற்றுத் தொண்ணூற்றொன்பது தயாராக இருக்கிறதே, அதைக் கொடுத்துவிடலாமே என்று கேட்டார். கொடுத்துவிட்டேன். ஆனால் வேலை முடிந்தது என்று எழுதிக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அச்சகத்தில் ஒரு தாள் கேட்டு வாங்கினால் என்ன என்று ஊசியம்மா கேட்டார். எனக்குக் காது கேட்கவில்லை.

அன்று வாசலில் சொன்னது எனக்கும் நினைவிருக்கிறது. தைத்ததைப் பிரிக்க எனக்குத் தெரியும். சொன்னதைப் பிரிக்கத் தெரியவில்லை. தெரியாததால்தான் இத்தனை நாள் பேசாமல் இருந்தேன். அந்தப் படியை நேற்று கழுவினேன். உன் காலடி படத்தான்.

மெக்கானிக்கையும் கூட்டி வா. மெஷின் கத்தி இரண்டு வருடமாக இழுக்கிறது. வேறு ஆளிடம் கொடுக்க மனம் வரவில்லை.

குழந்தையைப் பகல் வண்டியில் கொண்டுவா. ஜன்னலோரம் வேண்டாம்.

அப்பா

ஓரத்தில் நான், எலி. அப்பாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன், அதாவது தெரிந்தே. கீழே பசை காய்ச்சுகிறார். பாடுகிறார் அக்கா! இரண்டு வருடத்தில் பாதி வரிகள் மறந்துபோயிருக்கின்றன. மறந்த இடம் வரும்போதெல்லாம் "பெரியவளே, எலியே, குட்டிப் பாப்பாவே" என்று போட்டு நிரப்பிக்கொள்கிறார். சுருதி சேரவே இல்லை. ஊசியம்மா இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டு தைக்கிறார். சீக்கிரம் வா.